கனத்தை வேலியில் ஒரு பகுதி: கொழும்பு மாநகர சபைக்கு ஒரு திறந்த மடல்

கொழும்பு மாநகர முதல்வர் அவர்களுக்கும், சபை உறுப்பினர்களுக்கும், மாநகர ஆணையாளர் அவர்களுக்கும்,

வணக்கம்.

கனத்தை என்று அழைக்கப்படும் பொரளைப் பொது மயானம் உங்கள் சபையின் பராமரிப்பில் உள்ளது. அங்குள்ள தகனசாலையின் முன்புற வேலியைப் பற்றியே இந்த மடலை எழுதுகிறேன். கொவிட்-19 தொற்றினால் இறந்த முஸ்லிம்களின் உடல்களைக் கட்டாயமாக எரித்ததை எதிர்த்து, 2020 டிசம்பரில் அந்த வேலிக் கம்பிகளில் மக்கள் வெள்ளைத் துணித் துண்டுகளைக் கட்டினார்கள். அவை இரவோடு இரவாக அகற்றப்பட்டன. அந்த வேலியின் ஒரு பகுதியை, விரும்பும் எவரும் வந்து துணி கட்டக்கூடிய இடமாக நிரந்தரமாக ஒதுக்கித் தர வேண்டும். கட்டிய துணியைச் சபையின் பெயரால் எவரும் அவிழ்க்கக் கூடாது என்று ஒரு தீர்மானமும் நிறைவேற்றித் தர வேண்டும். என் கோரிக்கை இவ்வளவுதான். சிறிய கோரிக்கையாகத் தோன்றினும், இதன் பின்னால் இருப்பது சிறிய விடயம் அல்ல என்பதால் சற்று விரிவாக எழுத வேண்டியிருக்கிறது.

நடந்ததை நீங்கள் அறிவீர்கள். ஆனாலும் சபைக்கு வந்த கடிதம் ஒன்றில் இது தமிழில் ஒருமுறை பதிவாகி இருக்கட்டும். கொவிட்-19 தொற்றினால் இறந்தவரை அடக்கமும் செய்யலாம், தகனமும் செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2020 மார்ச் மாதத்திலேயே வழிகாட்டியிருந்தது. நமது சுகாதார அமைச்சின் முதல் வழிகாட்டலும் இரண்டையும் அனுமதித்தே இருந்தது. மார்ச் முடிவதற்குள் அது மாற்றப்பட்டது. ஏப்ரல் 11ஆம் திகதிய வர்த்தமானி அறிவித்தல் தகனத்தைக் கட்டாயமாக்கியது. அடக்கம் செய்தால் நிலத்தடி நீர் மாசுபடும் என்பதே சொல்லப்பட்ட காரணம். அதற்கு அறிவியல் ஆதாரம் கேட்டவர்களுக்குப் பதில் கிடைக்கவில்லை. அடிப்படை உரிமை மீறல் என்று தொடுக்கப்பட்ட மனுக்களை, அவற்றை விரிவான விசாரணைக்கு எடுக்காமலேயே, 2020 டிசம்பர் 1ஆம் திகதி உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. எட்டு நாட்கள் கழித்து, பிறந்து இருபது நாட்களே ஆன ஒரு முஸ்லிம் குழந்தையின் உடல், பெற்றோர் சம்மதிக்காத நிலையில், பொரளைத் தகனசாலையில் எரிக்கப்பட்டது. அதற்கு முதல்நாள் கேகாலையில், தொற்றைக் குணப்படுத்தும் என்று சொல்லப்பட்ட ஒரு பாணி மருந்தை வாங்குவதற்காக ஆயிரக்கணக்கானோர் நெருக்கியடித்துக்கொண்டு நின்றதை நாடே தொலைக்காட்சியில் பார்த்தது. அந்தக் கூட்டத்தில் தெரியாத தொற்று அபாயம், ஒரு சிசுவின் உடலில் தெரிந்ததுதான் விந்தை.

2021 பெப்ரவரி 25ஆம் திகதி அந்த விதி திருத்தப்படும் வரை 270க்கும் மேற்பட்ட முஸ்லிம்களின் ஜனாஸாக்கள், அதாவது இறந்தோரின் உடல்கள், எரிக்கப்பட்டுவிட்டன. பெருந்தொற்று எல்லாரையும் ஒன்றுபோலத் தாக்கியது என்று பேசுவது நமக்கு வழக்கமாகிவிட்டது. நோய் அப்படித் தாக்கியிருக்கலாம். வர்த்தமானி அப்படித் தாக்கவில்லை. 2019ஆம் ஆண்டு உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல்களுக்குப் பின்னர் முஸ்லிம் அயலவர்மீது படிந்த சந்தேகம், தொற்றுக் காலத்தில் ஒரு சுகாதார ஒழுங்குவிதியின் உருவத்தை எடுத்துக்கொண்டது என்பதே என் கணிப்பு. முகக்கவசங்களைக் கழற்றிய பின்னும் கழலாமல் இருப்பது அந்தப் பிளவுதான்.

வேலியில் கட்டப்பட்ட துணியைச் சபை வெறும் எதிர்ப்புச் சின்னமாகவோ, மயான வளாகத்தில் சேர்ந்த குப்பையாகவோ பார்த்திருக்கலாம். ஓவியம் வரைவதையும் வரையக் கற்பிப்பதையும் தொழிலாகக் கொண்ட நான் அதை அப்படிப் பார்க்கவில்லை. பெருந்தொற்றுக் காலத்தில் இந்நாட்டில் உருவான ஆகச் சிறந்த கலைப்படைப்பு அதுவே என்று தயக்கமின்றிச் சொல்வேன். அதற்குக் காரணம் அந்தத் துணிக்குள்ளேயே இருக்கிறது. ஒரு முஸ்லிம் இறந்தால் மையித்தைக் குளிப்பாட்டி, ஆணுக்கு மூன்று பெண்ணுக்கு ஐந்து என்ற கணக்கில் தைக்காத வெள்ளைத் துணிகளால் கபனிட்டு, தலைமாட்டிலும் இடையிலும் கால்மாட்டிலும் துணிக் கீற்றுகளால் கட்டுவார்கள். தொழுகை முடிந்து, கப்றுக்குள் (புதைகுழிக்குள்) இறக்கி, வலப்பக்கமாகச் சரித்து வைத்த பின்னர் அந்தக் கட்டுகளை அவிழ்த்துவிடுவார்கள். கட்டாயத் தகனம் பறித்தது அடக்கத்தை மட்டும் அல்ல. குளிப்பாட்டல், கபன், கட்டு, அவிழ்ப்பு என்ற வரிசை முழுவதையும் பறித்தது. அந்த வரிசையில் எஞ்சிய ஒன்றே ஒன்றை, அதாவது துணியில் ஒரு முடிச்சுப் போடுவதை, மக்கள் தகனசாலையின் வேலியிலேயே செய்தார்கள். கப்றுக்குள் அவிழ்ந்திருக்க வேண்டிய முடிச்சு தெருவோரக் கம்பியில் அவிழாமல் கிடந்தது. எந்தக் கலைக் கல்லூரியில் படித்தவரும் இதைவிடத் துல்லியமாக ஒரு வடிவத்தைக் கண்டுபிடித்திருக்க மாட்டார்.

இன்னொன்றும் உண்டு. அந்தத் துணி முஸ்லிம்களுக்கு மட்டும் பேசவில்லை. பௌத்த மரணச் சடங்கில் பிக்குமாருக்கு வெள்ளைத் துணியைக் காணிக்கையாக வைக்கிறார்கள். சாவு வீட்டிற்கு வழிகாட்டத் தெருநெடுக வெள்ளைக் கொடிகளைக் கட்டுகிறார்கள். எங்கள் ஊர்களிலும் சாவு வீட்டில் வெள்ளை கட்டும் வழக்கம் உண்டு. ஆகவே கனத்தை வழியாகப் பேருந்தில் போன எவருக்கும், எந்த மொழியில் சிந்திப்பவராக இருந்தாலும், அந்த வேலி ஒரு சாவு வீடாகிவிட்டது என்பது யாரும் விளக்காமலே புரிந்தது. சிங்களவரும் தமிழரும் கிறிஸ்தவ மதகுருமாரும் வந்து கட்டினார்கள். வர முடியாதவர்கள் தங்கள் வீட்டுப் படலைகளில் கட்டினார்கள். வெளிநாடுகளில் இருந்தவர்களும் கட்டினார்கள். பெயரில்லாத, தலைவரில்லாத, நிதியுதவி பெறாத ஒரு படைப்பு இவ்வளவு தூரம் போனது. அதை அகற்ற ஓர் இரவு போதுமாக இருந்தது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

நல்லிணக்கம் என்ற சொல் அலுவலகங்களில் புழங்கத் தொடங்கும்போதெல்லாம் சுவரோவியத் திட்டம் ஒன்றும் கூடவே வருவதால், முன்கூட்டியே ஒரு வேண்டுகோளையும் வைக்கிறேன். தயவுசெய்து கனத்தைச் சுவரில் ஒற்றுமை ஓவியம் வரைவிக்க வேண்டாம். விகாரை, கோவில், பள்ளிவாசல், தேவாலயம் என்று நான்கு கட்டடங்கள் வரிசையாக நிற்க, நான்கு உடைகளில் நான்கு சிறுவர்கள் கைகோத்துச் சிரிக்கும் அந்தப் படம் நம் நாட்டில் எத்தனையோ சுவர்களில் இருக்கிறது. அதில் யாரும் இறக்கவில்லை. யாரும் யாருக்கும் எதுவும் செய்துவிடவில்லை. 2019 ஜனாதிபதித் தேர்தல் முடிந்த கையோடு, நாடெங்கும் இளைஞர்கள் தாங்களாகவே தூரிகையும் பெயின்ட் வாளியும் எடுத்துக்கொண்டு தெருச் சுவர்களை நிரப்பியது உங்களுக்கு நினைவிருக்கும். இயற்கைக் காட்சிகளுக்கும் மீன்களுக்கும் நடுவே பண்டைய மன்னர்களும் போர்வீரர்களும் இராணுவத்தினரும் அந்தச் சுவர்களில் ஏறினார்கள். வரைந்த கைகளில் பல உண்மையிலேயே திறமையான கைகள். அந்த உற்சாகத்தை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் யாழ்ப்பாணத்திலிருந்தோ காத்தான்குடியிலிருந்தோ கொழும்புக்கு வந்து அந்தச் சுவர்களைக் கடந்து நடந்த ஒருவர், அவற்றில் தன்னைத் தேடிக் கண்டிருக்க மாட்டார். அடுத்த ஆண்டு அதே நகரத்தில் வெள்ளைத் துணி ஏன் தேவைப்பட்டது என்பதை அந்தச் சுவர்களும் ஓரளவு சொல்லிவிடுகின்றன.

அப்படியானால் கல்லில் ஒரு நினைவுச்சின்னம் கட்டலாமே என்று கேட்கப்படலாம். இந்நாட்டில் கல்லின் கதையையும் நாம் பார்த்திருக்கிறோம். 1989-90 காலப்பகுதியில் எம்பிலிப்பிட்டியவில் காணாமலாக்கப்பட்ட பாடசாலை மாணவர்களின் நினைவாக, ஓவியர் ஜகத் வீரசிங்க வடிவமைத்த நினைவாலயம் ஒன்று 1999இல் பாராளுமன்றத்துக்கு அண்மையில் அரசாலேயே எழுப்பப்பட்டது. பின்னர் அது கவனிப்பாரற்றுச் சிதைந்தது. கடைசியில் இருந்த இடமும் தெரியாமல் இடிக்கப்பட்டது. கனத்தை வேலித் துணிகள் அகற்றப்பட்டு ஒரு மாதம் ஆவதற்குள், 2021 ஜனவரி 8ஆம் திகதி இரவு, 2009இல் போரின் இறுதியில் முள்ளிவாய்க்காலில் கொல்லப்பட்ட தமிழர்களின் நினைவாக யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகத்தில் இருந்த நினைவுத்தூபி இடித்துத் தள்ளப்பட்டது. அதைக் கண்டித்து வடக்கிலும் கிழக்கிலும் நடந்த ஹர்த்தாலில் முஸ்லிம்களும் கடையடைத்தார்கள். அடுத்த மாதம் தமிழர் உரிமைகளுக்காகக் கிழக்கே பொத்துவிலிலிருந்து வடக்கே பொலிகண்டி வரை நடந்த பேரணியில் ஜனாஸா எரிப்பை நிறுத்தச் சொல்லும் கோரிக்கையும் சேர்ந்தே நடந்தது. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் புலிகளால் விரட்டப்பட்ட நாளிலிருந்து இரு சமூகங்களுக்கும் நடுவே கிடந்த கசப்பை அறிந்தவர்களுக்கு, அந்த இரு நிகழ்வுகளின் பெறுமதி தெரியும். இடிக்கப்பட்ட தூபியும் எரிக்கப்பட்ட ஜனாஸாவும் ஒரே பதாகையில் எழுதப்பட்டன. ஒரு அரசியல் கட்சியாலும் எழுத முடியாதிருந்த வரி அது.

உடனே அடுத்ததாக இரணைதீவு வந்தது. ஜனாஸாக்களை அடக்கம் செய்ய வடக்கில் உள்ள இரணைதீவைப் பயன்படுத்தலாம் என்று 2021 மார்ச் 2ஆம் திகதி அரசாங்கம் அறிவித்தது. 1992இல் இடம்பெயர்ந்து, கடற்படையின் பிடியில் இருந்த தங்கள் தீவுக்கு 2018இல் தாங்களாகவே படகேறித் திரும்பியிருந்த கத்தோலிக்கத் தமிழ் மீனவக் குடும்பங்கள் அங்கு வாழ்ந்தன. அவர்கள் எதிர்த்தார்கள், எதிர்க்காமல் என்ன செய்வார்கள்? ஒருவரின் துயரத்தை இன்னொருவரின் வாசலில் கொண்டுபோய்க் கொட்டினால் இருவரும் தங்களுக்குள் மோதிக்கொள்வார்கள் என்று யாரேனும் கணக்குப் போட்டார்களா என்பதை நான் அறியேன்; போட்டிருந்தால் கணக்கு கிட்டத்தட்டச் சரியாகவே வந்திருக்கும். கிழக்கில் உள்ள ஓட்டமாவடி மஜ்மா நகர் மக்கள் இடம் கொடுத்ததால் அந்த மோதல் தவிர்ந்தது. அங்கு மார்ச் 5ஆம் திகதி தொடங்கி ஏறத்தாழ ஓராண்டு காலத்தில் 3,600க்கும் மேற்பட்டோர் அடக்கம் செய்யப்பட்டனர். பெரும்பாலானோர் முஸ்லிம்கள். ஆனால் பௌத்தர்களும் இந்துக்களும் கிறிஸ்தவர்களும் நூற்றுக்கணக்கில் அதே மண்ணில் இருக்கிறார்கள். தெரிவு கிடைத்தவுடன் அடக்கத்தைத் தெரிந்தெடுத்தவர்கள் ஒரு சமயத்தினர் மட்டும் அல்லர் என்பதைத் தலைநகரில் எத்தனை பேர் அறிவர்?

கலையைப் பற்றிப் பேசும்போது காலிமுகத்திடலை விட்டுவிட முடியாது. பொருளாதார நெருக்கடியின்போது ஆட்சியாளருக்கு எதிராக 2022 ஏப்ரல் 9ஆம் திகதி அங்கே தொடங்கிய போராட்டக் களத்தில் கூடாரங்களுக்கு நடுவே ஓவியக்கூடமும் நூலகமும் இருந்தன. நாடகமும் பாட்டும் நடந்தன. நோன்பு காலத்தில் இப்தார் பகிரப்பட்டது. மே 18ஆம் திகதி, போரின் கடைசி நாட்களில் மக்கள் குடித்ததை நினைவுகூர்ந்து, பச்சரிசியும் உப்பும் நீருமாகக் காய்ச்சிய முள்ளிவாய்க்கால் கஞ்சி அங்கே கைமாறியது. தென்னிலங்கையின் நடுநாயகமான ஒரு திடலில் அப்படி ஒரு கஞ்சி காய்ச்சப்படும் என்று அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன் சொன்னால் சிரித்திருப்பார்கள். எனினும் அதை ஒரு பொற்காலமாக்கிப் பேசுவோருடன் எனக்கு உடன்பாடு இல்லை. வடக்கில் பலர் அந்தக் களத்தைத் தள்ளி நின்றே பார்த்தார்கள். எரிவாயுவுக்கும் பெற்றோலுக்கும் வரிசையில் நின்ற பின்தான் எங்கள் துயரம் தெரிந்ததா என்று அவர்கள் கேட்டதில் நியாயம் இருந்தது. ஜூலை 22ஆம் திகதி அதிகாலையில் படையினர் புகுந்து கூடாரங்களைப் பிடுங்கினார்கள். எதுவும் மிஞ்சவில்லை என்றே சொல்லலாம். திடலில் உருவான கலை திடலோடு போனதற்கு ஒரு காரணம், அதற்கென்று நகரத்தில் சட்டப்படியான ஒரு சாண் இடம்கூட இருக்கவில்லை என்பது. நான் உங்களிடம் கேட்பது அந்த ஒரு சாண் இடத்தைத்தான்.

கட்டாயத் தகனத்துக்காக மன்னிப்புக் கேட்கும் தீர்மானத்துக்கு 2024 ஜூலையில் அமைச்சரவை அங்கீகாரம் அளித்தது. அது தேவையான செயல். தாமதமானது என்பதற்காக அதைத் தள்ளிவிட மாட்டேன். ஆனால் அமைச்சரவைத் தீர்மானத்திடம் போய் நிற்க முடியாது. ஒரு தாய் அதனருகே சென்று கை வைக்க முடியாது. கனத்தையில் எரிக்கப்பட்டவருக்குக் கப்று இல்லை. வெள்ளிக்கிழமை தொழுகைக்குப் பின் சியாரத்துக்கு, அதாவது கப்றைத் தரிசிக்க, போக ஓர் இடம் இல்லை. அந்தக் குடும்பங்களுக்கு இந்த நகரத்தில் எஞ்சியிருக்கும் ஒரே முகவரி உங்கள் தகனசாலைதான்.

‘பழைய புண்ணை ஏன் கிளற வேண்டும்’ என்று சபையில் யாராவது ஒருவர் நிச்சயமாகக் கேட்பார். அவர் கனத்தையின் வரலாற்றைச் சற்று நினைத்துப் பார்க்க வேண்டும். 1983 ஜூலை 24ஆம் திகதி, யாழ்ப்பாணம் திருநெல்வேலியில் கொல்லப்பட்ட 13 இராணுவத்தினரின் உடல்களுக்காகக் கூட்டம் காத்திருந்தது இதே மயானத்தில்தான். அன்றிரவு பொரளையில் தமிழர்களுக்கு எதிராகத் தொடங்கிய தீ கொழும்பையும் நாட்டையும் என்ன செய்தது என்பதை நான் எழுதத் தேவையில்லை. அந்த நாளைக் குறிக்கும் ஒரு வரி அங்கு எழுதப்பட்டிருந்தால், 2020இல் அதே இடத்தில் இன்னொரு சமூகத்தின் உடல்களை எரிக்கும் கட்டளைக்குக் கையொப்பமிட்டவர்களின் கை நடுங்கியிருக்குமா? நடுங்கியிருக்கும் என்று உறுதி கூற நான் அப்பாவி அல்லன். ஆனால் கிளறப்படாத புண்கள் ஆறிவிட்டன என்ற வாதத்துக்கு, நாட்டிலேயே பொருத்தமற்ற இடம் கனத்தைதான்.

துணியில் என்ன எழுதப்படும் என்ற அச்சமும் உங்களுக்கு இருக்கலாம். முன்னனுமதி பெற்ற வாசகங்களை மட்டும் எழுதலாம் என்று ஒரு நிபந்தனை வருமானால், அதைவிட இந்தக் கோரிக்கையை நிராகரித்துவிடுவதே மேல். எழுத்தைப் படித்துப் பார்த்து அனுமதிக்கும் அதிகாரம் யார் கைக்குப் போகும் என்பதில் எங்களுக்கு அனுபவம் உண்டு. அஹ்னாப் ஜஸீம் என்ற இளம் தமிழ்க் கவிஞர் 2020 மே மாதம், முடக்கநிலைக் காலத்தில், தமது கவிதைத் தொகுப்பில் தீவிரவாதம் இருப்பதாகச் சொல்லிப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ்க் கைதுசெய்யப்பட்டார். 2021 டிசம்பரில்தான் பிணை கிடைத்தது. 2023 டிசம்பரில் நீதிமன்றம் அவரை விடுவித்தது. வன்முறையைக் கண்டிக்கும் கவிதைகளும் அந்தத் தொகுப்பில் இருந்தன என்பதைத் தமிழ் வாசிக்கத் தெரிந்த எவரும் முதல் நாளே சொல்லியிருப்பார். வெற்றுத் துணியே கட்டப்பட்டாலும் போதும். எழுத விரும்புபவர் எழுதட்டும். இனவெறுப்பைத் தூண்டும் எழுத்து வந்தால், அதற்கு ஏற்கனவே இருக்கும் சட்டமே போதுமானது.

செயற்படுத்துவதைப் பற்றிச் சில வார்த்தைகள். முதலில் குடும்பங்களைக் கேளுங்கள். தங்கள் வீட்டவரின் பெயர் எங்கும் வரக் கூடாது என்று ஒரு குடும்பம் சொன்னால், அந்தச் சொல்லே முடிவாக இருக்கட்டும். வேலியருகே பெயர்ப்பலகை வேண்டுமானால், மூன்று மொழிகளிலும் 2020 ஏப்ரல் 11, 2021 பெப்ரவரி 25 ஆகிய இரு திகதிகளையும் அவற்றுக்கிடையே நடந்ததையும் சொல்லும் இரண்டு வாக்கியங்கள் போதும்; திறந்து வைத்தவரின் பெயர் அதில் வேண்டாம். திறப்பு விழாவும் வேண்டாம். அதற்கென்று ஒரு கலைஞரை நியமிக்கவும் வேண்டாம், என்னையும் சேர்த்து. வெயிலிலும் மழையிலும் இற்றுப்போகும் துணியை அப்படியே விட்டுவிடுங்கள். இற்றுப்போவதும் அந்தப் படைப்பின் ஒரு பகுதி. கல்லுக்கு இல்லாத ஒரு வசதி துணிக்கு உண்டு: பிடுங்கினால் மறுநாள் காலையில் யாராவது ஒருவர் இன்னொரு முழம் வாங்கி வந்து கட்டிவிடலாம்.

உங்கள் தகனசாலை ஊழியர்களையும் கேளுங்கள். அந்த மாதங்களில் பாதுகாப்பு அங்கிக்குள் வேர்த்துக்கொண்டு, ஒட்டி மூடப்பட்ட பெட்டிகளை வாங்கி உள்ளே தள்ளியவர்கள் அவர்கள். வாசலில் நின்று அழுதவர்களின் முகங்களைப் பார்த்தவர்களும் அவர்களே. கட்டளையை அவர்கள் எழுதவில்லை. ஆனால் அதன் பாரம் அவர்களின் கைகளில்தான் இறங்கியது. நினைவுகூரல் பற்றிய எந்த உரையாடலிலும் அவர்களுக்கு ஒரு நாற்காலி போடப்பட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை. தாங்களும் ஒரு துணி கட்ட வேண்டும் என்று அவர்களில் யாருக்கேனும் தோன்றினால், சீருடையோடு வந்து கட்டுவதற்கு அவர்களுக்கு அனுமதி இருக்க வேண்டும்.

சபையின் உரிய குழு எந்த நாளில் அழைத்தாலும் வேலியின் அளவுப் படத்துடன் நேரில் வருவேன். எத்தனை அடி ஒதுக்குவது, கம்பிகள் துருப்பிடிக்காமல் பார்த்துக்கொள்வது யார், நடைபாதையில் நெரிசல் ஏற்படாமல் எப்படி ஒழுங்கு செய்வது என்பதெல்லாம் உங்கள் பொறியியல் பிரிவோடு பேசித் தீர்க்கக்கூடியவை. வீதியை நோக்கிய பக்கத்தை ஒதுக்குவதில் சிக்கல் இருந்தால் உட்பக்கத்தையும் ஏற்றுக்கொள்ளலாம். பத்தடி முடியாவிட்டால் ஐந்தடி போதும். ஆனால் அதற்குப் பதிலாக விகாரமகாதேவிப் பூங்காவிலோ வேறொரு கலைக்கூடத்திலோ இடம் தருகிறோம் என்று சொல்லிவிடாதீர்கள். துணி அகற்றப்பட்டது தகனசாலையின் முன்னால்; இடமும் அங்கேயே தரப்பட வேண்டும்.

இப்படிக்கு,
கொழும்பில் வாழும் ஓர் ஓவிய ஆசிரியர்